பற்றாசுக்கோல்

தென்பாண்டிச் சீமையில் ரசம் வைப்பதற்கென்றே ஈயச் சொம்பு வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. அச்சொம்பில் புளிநீரை ஊற்றிய பின்னரே அதனை அடுப்பில் ஏற்றவேண்டும் என்று வீட்டு மூதாட்டியர் இளையோரை எச்சரிப்பர். வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலையில் கருத்தைச் செலுத்தினால், திரும்பி வரும்போது சொம்பு இராது. வெள்ளிக் குழம்பு போல் ஏதோ அடுப்பில் ஓடிக் கிடக்கும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடுவது இதற்குக் காரணமாகும். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பின் வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஆதலால் சொம்பு பிழைத்திருக்கிறது.

சமையலறையில் குறையாகத் தோன்றும் இவ்வியல்பு, உலோகத்தோடு உலோகத்தைப் பொருத்தும் தொழிலில் பெரும்பயன் தருவதாகும். இரண்டு உலோகத் துண்டுகளை, அவற்றினும் எளிதில் உருகும் வேறோர் உலோகத்தை இடையே ஓடவிட்டு இணைப்பதைப் பற்றவைத்தல் என்பர். இடையில் உருகிப் பின் இறுகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும் உலோகத்துக்குப் பற்றாசு என்பது பழம்பெயர். பொற்கொல்லர் நகையின் மீது பற்றாசுப் பொடியையும் வெண்காரத்தையும் இட்டு, ஊதுகுழலால் தழலைக் குவித்து ஊதுவர். 'பொடி வைத்துப் பேசுதல்' என்று நாம் வழங்குவதும் இத்தொழிலிலிருந்து பிறந்த வழக்கே என்பர்.

பொற்கொல்லரின் ஊதுகுழல் செய்யும் வேலையை இன்று மின்னணுப் பொருள்களைச் செய்வோருக்கும் பழுது பார்ப்போருக்கும் ஒரு மின்கருவி செய்கிறது. கடைவீதியில் அதற்குச் 'சால்டரிங் அயர்ன்' என்று பெயர். கடையில் அப்பெயரைச் சொன்னால்தான் எடுத்துத் தருவர் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. இப்பாடத்தில் அதனைப் பற்றாசுக்கோல் என்றே குறிப்போம்.

திருநெல்வேலியில் வானொலி நிலையம் 1963 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அக்காலத்து வானொலிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளே நூற்றுக்கணக்கான பற்றாசுத் துளிகள் மின்னுவதைக் கண்டிருப்பர். இன்று கைப்பேசி முதல் வயற்கிணற்று மோட்டாரை இயக்கும் பெட்டி வரை அத்துளிகள் இல்லாத கருவி இல்லை. கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டி 1987 ஆம் ஆண்டில் அமைந்த மாவட்ட அறிவியல் மையத்துக்குச் சென்று மீளும் சிறுவர் பலருக்கும், தாமே ஒரு மின்சுற்றை அமைத்து விளக்கொன்றை மினுக்கிப் பார்க்கவேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பு. ஆசை எழுந்தவுடன் வேண்டப்படும் முதற்கருவி பற்றாசுக்கோல். பெற்றோரிடம் கேட்டுப் பெற்ற சிறுதொகையைக் கொண்டு வாங்கிய கோல், ஒரு திங்களுக்குள் முனை கருகிப் பற்றாசு ஒட்டாமற் போய்விட்டால், பொழுதுபோக்காகத் தொடங்கிய கல்வியும் அத்துடன் நின்றுவிடுகிறது. இவ்வாறு நின்றுபோன கல்விகள் பல. ஆதலின் நெடுநாள் உழைக்கும் கோல் எது, அஃது எதனால் உழைக்கிறது என்பவற்றை நாம் சற்று விரிவாகவே காண்போம்.

கோலின் அமைப்பு மிக எளியது. கைப்பிடிக்கு அப்பால் ஓர் உலோகக் குழாய் இருக்கும். அதனுள் நிக்கலும் குரோமியமும் கலந்த மெல்லிய கம்பி, அப்பிரகத் தகட்டின்மீதோ பீங்கான் உருளையின்மீதோ சுற்றப்பட்டிருக்கும். மின்னோட்டம் பாய்ந்ததும் கம்பி சுடுகிறது. அச்சூடு குழாயின் முன்புறம் செருகியுள்ள ஒரு தண்டுக்குச் செல்கிறது. இத்தண்டின் கூரிய நுனியே வேலை செய்வது. தொழிலாளர் அதனைப் 'பிட்' என்பர். நாம் முனை என்போம். செருமனியில் ஏர்ன்ஸ்ட் சாக்ஸ் என்பவர் 1921 ஆம் ஆண்டில் மின்பற்றாசுக்கோல்களைத் தொழிற்சாலை முறையில் செய்யத் தொடங்கினார். அதன்பின் நூறாண்டுகள் கடந்தும் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. கைப்பிடியின் நிறமும் உருவமும் மாறின. அவற்றைக் கண்டு மயங்கி வாங்குவோர் தொகை மட்டும் குறையவில்லை.

கோல் கெடுவது எங்கே? கம்பிச் சுருள் எரிந்துபோவது உண்டு; மின்வடம் அறுந்துபோவதும் உண்டு. ஆனால் பத்துக் கோல்கள் குப்பைக்குச் சென்றால், அவற்றுட் பெரும்பாலானவை முனை கெட்டதனாலேயே சென்றிருக்கும். முனையின் வரலாற்றை அறிந்தவன் கோலின் வரலாற்றை அறிந்தவனாவான்.

முனையைச் செம்பினால் செய்வதே பண்டை வழக்கம். வெப்பத்தைக் கடத்துவதில் வெள்ளியை அடுத்து நிற்பது செம்பு. இரும்பைக் காட்டிலும் அஃது ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாகக் கடத்தும். பற்றாசும் அதன்மேல் நன்கு ஒட்டும். இத்துணைச் சிறப்புகள் இருந்தும், செம்பு முனையில் சில நாள் வேலை செய்தபின் உற்று நோக்கினால், நுனியில் ஒரு பள்ளம் விழுந்திருப்பதைக் காணலாம். நாள் செல்லச் செல்லப் பள்ளம் ஆழ்ந்து, நுனி பூச்சி அரித்த பல்லைப் போலாகிவிடும். செம்பு உருகுவதற்கு 1085 பாகை வெப்பம் வேண்டும். கோலின் வெப்பமோ 350 பாகையை ஒட்டியது. அங்ஙனமாயின் செம்பு எவ்வாறு குறைந்தது?

உடன்குடிக் கருப்பட்டித் துண்டு ஒன்றை வெந்நீரில் இட்டுப் பாருங்கள். கருப்பட்டியை உருக்குவதற்கு வேண்டிய வெப்பம் அந்நீரில் இல்லை; எனினும் கருப்பட்டி காணாமற் போகிறது. அஃது உருகவில்லை, கரைந்தது. உருகிய வெள்ளீயத்தில் செம்பு இவ்வாறே கரைகிறது. மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஒன்றை உருகிய பற்றாசுத் துளியில் நெடுநேரம் பிடித்திருந்தால், அது மெலிந்து அறுந்துவிடுவதைக் கண்ணாற் காணலாம். நீர் சூடாக ஆகக் கருப்பட்டி விரைந்து கரைவது போல, கோலின் வெப்பம் மிகுமளவு செம்பும் விரைந்து கரையும்.

செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் உள்ள இவ்வுறவு நம் நாட்டுக்குப் புதிதன்று. திருநெல்வேலிக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரையில், திருவைகுண்டத்துக்கு அருகே ஆதிச்சநல்லூர் உள்ளது. அது முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1986 ஆம் ஆண்டிலிருந்து தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. 1876 ஆம் ஆண்டில் ஜாகோர் என்னும் செருமானியர் அங்குள்ள மேட்டை அகழ்ந்தார். பின்னர் 1899 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பவர் விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளோடு வெண்கலக் கலங்களும், இரும்பு வாள்களும் ஈட்டிகளும், பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்களும் வெளிப்பட்டன. கலங்களின் மூடிகளில் எருமை, சேவல் முதலியவற்றின் உருவங்கள் அழகுற அமைந்துள்ளன. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த கலப்பேயாகும். அக்கலங்கள் சிலவற்றில் வெள்ளீயம் நூற்றுக்கு 20 பங்கினும் மிகுதியாக உள்ளது என்று ஆய்ந்தோர் கூறுவர். பண்டைக் கம்மியர் உலையில் விரும்பிச் செய்த கலப்பு, நம் கோலின் நுனியில் நாம் விரும்பாமலே நடைபெறுகிறது. பற்றாசு, முனையின் செம்பைச் சிறிது சிறிதாகத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது.

இவ்வுறவை அறவே நீக்கவும் இயலாது. வெள்ளீயமும் செம்பும் சந்திக்கும் எல்லையில் இரண்டும் கூடிய மெல்லிய சேர்மப் படலம் உண்டாவதனாலேயே பற்றாசு உறுதியாகப் பிடிக்கிறது. களிமண்ணைச் சுவரில் அப்பினாற் போன்ற ஒட்டுதல் அன்று அது. சுற்றுப்பலகையின் செம்பைப் பற்றாசு கவ்வவேண்டும். முனையின் செம்பை மட்டும் தின்னாமல் இருக்கவேண்டும். இதற்கு இரண்டு வழிகளை அறிஞர் கண்டனர்.

முதல்வழி வியப்பானது. கருப்பட்டி மேலும் கரையாதபடி முன்னரே கருப்பட்டி கரைத்த பாகில், புதிய துண்டு ஒன்றை இட்டால் அது கரைவதில்லை. அதுபோலவே, நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு செம்பை முன்னதாகவே கலந்து, செம்புப் பசி தணிந்த பற்றாசுக் கம்பியை இங்கிலாந்தில் 1950களில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதனைப் பயன்படுத்தியபோது செம்பு முனைகள் முன்னினும் பன்மடங்கு காலம் உழைத்தன.

இரண்டாம் வழியே இன்று பெருவழியாகிவிட்டது. முனையின் உள்ளுடலைச் செம்பாகவே வைத்து, அதன்மேல் இரும்புப் படலம் ஒன்றை மின்முலாமாகப் பூசினர். இரும்பும் வெள்ளீயத்தில் கரையும். ஆயினும் செம்பைப் போல விரைந்து கரைவதில்லை. மிக மெல்லவே தேயும். பற்றாசு அதன்மேல் ஒட்டவும் ஒட்டும். அப்படியானால் முனை முழுவதையும் இரும்பாகவே செய்துவிடலாமே என்று கேட்கலாம். மலிவான முனைகள் சில அங்ஙனமே செய்யப்படுகின்றன. அவை வெப்பத்தை விரைந்து கடத்தாமையால், கம்பிச் சுருள் கொதித்துக்கொண்டிருக்கும், நுனியோ சோம்பிக்கிடக்கும். எனவே நடுவில் செம்பு, அதன்மேல் இரும்பு, நுனியில் வெள்ளீயம் என்னும் மூன்றடுக்கு அமைப்பே ஏற்றது. நுனிக்குப் பின்புறம் குரோமியப் பூச்சும் இருக்கும். குரோமியத்தில் பற்றாசு ஒட்டாது. ஆதலின் உருகிய பற்றாசு மேலேறிக் குழாய்க்குள் புகாமல் நுனியிலேயே நிற்கும். ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் ஒருசேரக் கிடைத்த செம்பும் வெள்ளீயமும் இரும்பும், சுண்டுவிரலிலும் சிறிய இம்முனையில் மீண்டும் ஒன்று கூடியிருக்கின்றன!

ஆகவே, கடைக்குச் செல்லும் மாணவன் முதலிற் கேட்கவேண்டியது முனையைப் பற்றியே. முனை செம்பாயின் செந்நிறம் தானே காட்டிக்கொடுத்துவிடும். வெண்ணிறமாயின் ஒரு சிறு காந்தத்தை அதனருகே கொண்டு செல்க. இரும்புப் படலம் உடையதைக் காந்தம் நன்கு இழுக்கும். மெல்லிய நிக்கல் பூச்சு மட்டும் உடைய முனையை மிக மெலிவாகவே இழுக்கும். அத்தகைய முனை பூச்சுத் தேய்ந்தவுடன் வெறுஞ்செம்பாகிவிடும். முழுதும் இரும்பாலான முனையையும் காந்தம் இழுக்கும் என்பதனால், இச்சோதனை ஒன்றையே நம்பிவிடலாகாது. அதே முனைக்கு மாற்று முனை அக்கடையில் தனியே கிடைக்குமா என்று கேட்பது இதனினும் சிறந்த சோதனை.

இதனை வற்புறுத்திக் கூறவேண்டும். எத்துணை உயர்ந்த முனையும் ஒருநாள் தேய்ந்தே தீரும். அன்று முனையை மட்டும் மாற்றிக்கொள்ள இயலுமாயின் கோல் பிழைக்கும். இல்லையேல் முழுவதையும் எறியவேண்டியதுதான். திருநெல்வேலிச் சந்திப்பிலோ பாளையங்கோட்டையிலோ உள்ள மின்பொருட் கடையில் முனையும் கம்பிச் சுருளும் தனித்தனியே கிடைக்கும் எளிய கோல், அயல்நாட்டிலிருந்து வந்து மாற்று உறுப்பு கிடைக்காத அழகிய கோலினும் நெடுநாள் வாழும். கைப்பிடி திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தால் திறந்து பழுது பார்க்கலாம். தறையாணி அடித்து மூடப்பட்டதைத் திறக்க இயலாது. ஒரு பெட்டி நிறைய முனைகளும் இடுக்கிகளும் உறிஞ்சு குழாயும் அடுக்கி, அனைத்தையும் ஒரே விலைக்குத் தரும் தொகுதிகளும் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. பார்வைக்கு அவை கவர்ச்சியுடையன. ஆயினும் அத்தொகையை ஒரு நல்ல கோலுக்கும் ஒரு மாற்று முனைக்கும் செலவிடுவதே தக்கது என்பது நம் கருத்து.

முனையின் வடிவமும் கருதத்தக்கது. ஊசிபோற் கூர்மையான முனையே நுண்வேலைக்கு உகந்தது எனப் புதியவர் எண்ணுவர். கூர்நுனி பொருளைத் தொடும் பரப்பு சிறிது. அவ்வழியே செல்லும் வெப்பமும் சிறிதே. போதிய வெப்பம் செல்லாமையால் மாணவன் நுனியை அழுத்தித் தேய்க்கிறான், பூச்சு கெடுகிறது. உளி போன்று தட்டையான, இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள நுனி, தொட்ட இரண்டு மூன்று நொடிகளில் வேலையை முடித்துவிடும்.

எத்தனை வாட் ஆற்றல் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. சுற்றுப்பலகை வேலைக்கு 25 வாட் கோலையே பலரும் பரிந்துரைப்பர். 230 வோல்ட்டில் 25 வாட் ஆற்றல் கொள்ளும் கம்பிச் சுருளின் மின்தடை ஏறத்தாழ 2116 ஓம் ஆகும். இக்கணக்கை வகுப்பில் செய்து பார்க்கலாம். மின்னழுத்தம் 250 வோல்ட்டாக உயர்ந்தால் அதே சுருள் ஏறத்தாழ 29½ வாட் கொள்ளும். 190 ஆகத் தாழ்ந்தால் 17 வாட்டே கொள்ளும். பாபநாசத்தில் 1944 ஆம் ஆண்டில் நீர்மின் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து மின்சாரத்தோடு பழகிய இப்பள்ளத்தாக்கிலும், மாலையில் விளக்குகள் மங்குவதும் நள்ளிரவில் ஒளிர்வதும் நாம் அறிந்ததே. மங்கும் நேரத்தில் பற்றாசு சரியாக உருகாது; ஒளிரும் நேரத்தில் முனை அளவுக்கு மிஞ்சிச் சுடும். வேலையின்றித் தாங்கியில் சுடச்சுட நிற்கும் நேரத்தில்தான் எளிய கோலின் முனை மிகுதியும் கெடுகிறது. வெப்பத்தை எடுத்துக்கொள்ள அப்போது பொருள் எதுவும் இல்லாமையால் சூடு ஏறிக்கொண்டே போகும்; நுனியில் உள்ள வெள்ளீயம் காற்றோடு கூடிக் கருகும். அங்ஙனம் கருகிய நுனியில் பின்னர்ப் பற்றாசு உருண்டோடுமேயன்றி ஒட்டாது.

வெப்பத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் கோல்கள் இக்குறையை நீக்குகின்றன. அவற்றுள் ஒருவகையின் நுட்பம் அறிந்து மகிழத்தக்கது. இரும்பு போன்ற உலோகங்கள் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைக் கடந்தால், காந்தத்தால் இழுக்கப்படும் தன்மையை இழந்துவிடும். தூய இரும்புக்கு அவ்வெல்லை 770 பாகை. வேறு உலோகங்களைக் கலந்து அவ்வெல்லையை 370 பாகைக்கு இறக்கிய ஒரு சிறு துண்டை முனையின் பின்புறம் பொருத்துவர். முனை குளிர்ந்திருக்கும்போது உள்ளேயுள்ள காந்தம் அத்துண்டை நோக்கி இழுபட்டு மின்னோட்டத்தை இணைக்கும். 370 பாகையை எட்டியதும் துண்டு காந்தப் பிடியை இழக்க, காந்தம் பின்வாங்கி மின்னோட்டத்தைத் துண்டிக்கும். இக்காலத்தில் பெரும்பாலான கோல்கள் வெப்ப உணரியையும் மின்னணுச் சுற்றையும் கொண்டு இதே பணியைச் செய்கின்றன. இவ்வாறு கட்டுப்பாடு உடைய 50 வாட் கோலின் முனை, கட்டுப்பாடற்ற 25 வாட் கோலின் முனையினும் நெடுங்காலம் உழைக்கும். ஆற்றல் மிகுந்தது விரைவில் எரிந்துபோகும் என்று அஞ்சவேண்டா. விலை சற்று மிகுதிதான். நாள்தோறும் வேலை செய்வோர்க்கு அவ்விலை வீண்போகாது.

மின்வடத்தையும் ஒருமுறை கையில் எடுத்து வளைத்துப் பார்த்தல் நன்று. அது கைப்பிடிக்குள் நுழையும் இடத்திலேயே அடிக்கடி மடிந்து அறும். அவ்விடத்தில் நெகிழும் காப்பு இருத்தல் வேண்டும். சாதாரண நெகிழிவடம் சுடுமுனை தவறிப் பட்டால் உருகி உள்ளிருக்கும் கம்பியை வெளிக்காட்டிவிடும். சிலிகோன் உறையிட்ட வடம் அதனைத் தாங்கும். இரண்டு ஊசிச் செருகியை விட மூன்று ஊசிச் செருகி உடையதே கொள்ளத்தக்கது. மூன்றாம் ஊசி நிலத்தோடு இணைப்பது. அப்பிரகத்தில் விரிசல் விழுந்து மின்சாரம் முனைக்குக் கசிந்தாலும், வேலை செய்பவன் உயிரையும் நுண்ணிய டிரான்சிஸ்டரையும் காப்பது அந்த இணைப்பே.

வாங்கிய கோலைப் பயன்படுத்தும் முதல் நாழிகையிலேயே அதன் ஆயுள் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோரைக் கண்ட மாணவர் சிலர் இருக்கலாம். பாத்திரத்தைத் துலக்கித் தழலில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளை ஆவி எழும்போதே ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் பரப்புவர். மங்கிய பாத்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் வெள்ளிபோல் ஒளிரும். முனைக்கும் அவ்வாறே ஈயம் பூசவேண்டும். புதுக்கோல் முதன்முறை சூடேறும்போது, பற்றாசுக் கம்பியை நுனியில் வைத்தபடியே இருந்து, அது உருகத் தொடங்கியவுடன் நுனி முழுவதும் படரச் செய்க. வெறும் நுனியோடு கால்மணி நேரம் காயவிட்டால் இரும்பின்மேல் கருமை படர்ந்துவிடும். பிறகு ஈயம் பிடிப்பது அரிது. ஈயம் பூசுவோரின் நவச்சாரத்தையும், வாளி பற்றவைப்போரின் அமிலத்தையும் மின்னணு வேலைக்குக் கொண்டுவரலாகாது. அவை முனையின் இரும்பையும் சுற்றுப்பலகையின் செம்பையும் ஒருங்கே அரிக்கும். பைன் மரத்துப் பிசினாகிய ரோசின் உள்ளீடாக அமைந்த பற்றாசுக் கம்பியே போதுமானது.

செம்பு முனையில் பள்ளம் விழுந்தால் அரத்தால் அராவிச் சமன் செய்து மீண்டும் ஈயம் பூசுவர். அது முறையானதே. அதே பழக்கத்தால் இரும்புப் படல முனையையும் சிலர் அராவிவிடுகின்றனர். ஒரு மில்லிமீட்டரின் சிறுபகுதியே கனமுள்ள அப்படலம் ஒரே அராவலில் போய்விடும். உள்ளிருக்கும் செம்பு வெளிப்பட்டுப் பற்றாசுக்கு இரையாகும். நல்ல முனைகள் பல இவ்வாறு நற்செயல் என எண்ணிச் செய்யப்பட்ட தீங்கினாலேயே மாண்டன. அரம், உப்புத்தாள், கத்தி இவை எவையும் அதனைத் தீண்டலாகாது. ஈரப் பஞ்சில் மெல்லத் துடைத்தால் போதும். பஞ்சு பிழிந்த ஈரமாக இருக்கவேண்டுமேயன்றி நீர் சொட்டலாகாது. பித்தளைச் சுருள் நாரில் குத்தித் துடைப்பது இன்னும் நன்று. முனை திடுமெனக் குளிர்வதில்லை.

செம்பு முனை உடையோர் வாரம் ஒருமுறை, கோல் குளிர்ந்திருக்கும்போது, திருகாணியைத் தளர்த்தி முனையை உருவி, அடியில் படிந்த கருஞ்செதிளைத் தட்டிவிடுதல் வேண்டும். தட்டாமல் விட்டால் செதிள் பெருகி முனை குழாய்க்குள் இறுகிக்கொள்ளும்; பின்னர் உருவ முயன்றால் கம்பிச் சுருளே கிழியும்.

பற்றாசைப் பற்றியும் சில சொற்கள் கூறியாகவேண்டும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கலப்பு 183 பாகையிலேயே உருகும். வெள்ளீயம் தனியே 232 பாகையிலும் காரீயம் தனியே 327 பாகையிலும் உருகுவன. சேர்ந்தால் இரண்டினும் தாழ்ந்த வெப்பத்தில் உருகுவது இயற்கையின் விந்தை. ஆயினும் காரீயம் நஞ்சு. சிறுவரின் மூளையைச் சிறப்பாகத் தாக்குவது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் அதனை விலக்கிற்று. இந்தியாவிலும் 2011 ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் அதன் அளவுக்கு வரம்பு விதித்தன. காரீயம் இல்லாத பற்றாசில் வெள்ளீயம் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் உள்ளது. அஃது உருகவும் 217 பாகைக்கு மேல் வேண்டும். நம் கருப்பட்டிக் கணக்கின்படி இது நீரும் மிகுந்து சூடும் மிகுந்த நிலையாகும். எனவே செம்பு முனை இப்பற்றாசுக்கு மிக விரைவில் இரையாகும். இரும்புப் படல முனையும் முன்னினும் விரைவாகத் தேயும். உடல்நலத்துக்காக நாம் கொடுக்கும் விலை இது, கொடுக்கத்தக்க விலையே. காரீயம் கலந்த பற்றாசைப் பயன்படுத்துவோர் வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடலாகாது. வேலை செய்யும் வெப்பத்தில் காரீயம் ஆவியாவது அரிது; கைவழியேதான் அது வாய்க்குச் செல்லும். எழும் புகை ரோசினுடையது. அதுவும் நுரையீரலுக்கு ஆகாது. சிலருக்கு இழுப்பு நோயை உண்டாக்கும். சாளரத்தருகே அமர்ந்து, முகத்தைப் புகைக்கு நேரே நீட்டாமல் வேலை செய்க.

வேலை முடிந்தபின் முனையைப் பளபளவெனத் துடைத்து வைப்பது தூய்மை விரும்புவோர் செய்யும் பிழை. துடைத்த இரும்பு காற்றுக்கு வெளிப்பட்டு நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது துருப்பிடிக்கச் சில நாளே போதும். ஆதிச்சநல்லூரில் வெண்கலக் கலங்கள் பாசி நிறம் ஏறியும் உருக்குலையாமல் வெளிவந்தன; இரும்புப் படைக்கலங்களோ துருவேறிச் சிதைந்து கிடைத்தன. ஆகையால் மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் நுனியில் தாராளமாகப் பற்றாசை உருக்கி, துடைக்காமல் அப்படியே குளிரவிடவேண்டும். இறுகிய ஈயப் போர்வை இரும்பைக் காற்றினின்றும் மறைத்து நிற்கும். மறுநாள் கோல் சூடேறியபின் அதனைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

இவ்வளவு பேணினாலும் ஒருநாள் இரும்புப் படலத்தில் ஊசிமுனை அளவான துளை ஒன்று விழும். வெளியே வேறுபாடு தோன்றாது. அத்துளை வழியே பற்றாசு உட்புகுந்து செம்பைக் கரைத்து வெளிக்கொணரும். சில நாளில் முனை கறையான் புகுந்த மரம்போல் உள்ளே வெறுமையாகி, நுனி அமுங்கிவிடும். அந்நிலையில் எப்பூச்சும் உதவாது. கோல் நன்றாகக் குளிர்ந்தபின் முனையைக் கழற்றி, கடையில் காட்டி, அதே அளவான புதுமுனையை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். கம்பிச் சுருளும் கைப்பிடியும் வடமும் முன்போலவே இருக்கும்.